சிவப்புப் பொட்டு இருந்த பக்கம்

ஜூன் 4

பொடிக்கு,

உன் அண்ணன் கூப்பிட்ட பெயரிலேயே எழுதுகிறேன். நான் அப்படிக் கூப்பிட்டால் உனக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

நேற்று கொரியர்காரர் வந்து பெல் அடித்தார். குரல் வரவில்லை. ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாசல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதற்குள் இரண்டு போர்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சொருகியிருக்கும். கீழ் போர்டில் ஸ்பீக்கரும் பேட்டரியும். மேல் போர்டில் அவர் குரல். இப்போது கீழ் போர்டு மட்டும்தான் இருக்கிறது. அதன் நடுவில் பத்து ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய அன்று கடைசி ஆளாக நீதான் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். ஒரு செருப்புக்கு இவ்வளவு நேரமா என்று அப்போதே நினைத்தேன்.

உனக்கு அவர் அண்ணன், எனக்குக் கணவர். யாருக்கு அதிகம் என்று சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. திக்கித் திக்கிப் பேசியவர் என்பதால் எந்த வீடியோவிலும் வாய் திறந்ததில்லை. போனில் உம் கொட்டுவார். தடங்கலில்லாமல் பேசிப் பதிவானது அந்த ஒரு வரிதான்: “யாரு? இருங்க, வர்றேன்.” யார் பெல் அடித்தாலும் அவர் எழுந்து வருவது மாதிரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

போன் செய்யமாட்டேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லிவிடுவாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது. நான் முடித்தபிறகுதான் உன் கைக்கு வரும்.

போர்டைத் திருப்பி அனுப்பு.

அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு,

எடுத்தது நான்தான். ‘திருடி’ என்று நீங்கள் எழுதவில்லை. எழுதி அடித்துவிட்டு, வேறு தாளில் மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அழுத்தி அடித்ததால் அடியில் இருந்த தாளில் பதிந்து வந்துவிட்டது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், அடித்த சொற்களைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உரிமை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். உங்கள் கல்யாணத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் நானும் அண்ணனும் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த மேல் போர்டைச் செய்தோம். அவன் பாகங்களைப் பொருத்துவான், நான் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைப்பேன். புகை கண்ணில் பட்டு இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரிப்போம். குரல் மட்டும் பிறகு, உங்கள் வீட்டில், பதிவானது. ஆக, போர்டு என்னுடையது, குரல் அவனுடையது. உங்களுடையது அந்த வரி முடிந்ததும் கேட்கிற சிரிப்பு மட்டும்.

அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ தடவை உங்கள் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். வாழ்க்கையில் ஒரு தடவை ஒருவன் தடுமாறாமல் பேசுகிறான், பக்கத்தில் ஒருத்தி சிரிக்கிறாள். பார்லரில் வாடிக்கையாளர்களோடு சிரித்துப் பழகிய வாய், எங்கே அடங்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

குரலை நான் கணினியில் ஏற்றப் போகிறேன். சிரிப்பை வெட்டிவிட்டு, மிச்சத்தை உங்களுக்கு ஒரு புது போர்டில் நகலெடுத்து அனுப்புகிறேன். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

பொடி என்று அவன் மட்டும்தான் கூப்பிடலாம்.

நாத்தனார்


ஜூன் 17

பொடி,

சிரிப்பை வெட்டாதே.

நீ அன்று அங்கே இல்லை. இல்லாத இடத்தைப் பற்றித்தான் நீ எப்போதும் நிறையப் பேசுவாய். அன்று மாலை முழுக்க முயற்சி செய்தார். ‘யா’ வரும், ‘ரு’ நின்றுவிடும். ‘இருங்க’ வந்தால் ‘வர்றேன்’ மாட்டிக்கொள்ளும். நான் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கோ நெயில் பாலிஷ் கலர் தேடிக்கொண்டிருந்தேன், அவரைப் பார்க்காமல். பார்த்தால் வராது. திடீரென்று ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவருக்கே நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அதுதான் நீ கேட்ட சிரிப்பு.

“என் சத்தத்தை அழிச்சிட்டு இன்னொரு தடவ எடுங்க”ன்னு சொன்னேன். “வே-வேணாம். இ-இருக்கட்டும். வீட்டுல ரெண்டு பேர் இ-இருக்காங்கன்னு தெரியட்டும்”னார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? நான் காத்திருந்தேன். உனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

போர்டு உன்னிடமே இருந்து தொலையட்டும். நகலாவது அனுப்பு. ஆனால் சிரிப்போடு.

அண்ணி


ஜூன் 25

அண்ணிக்கு,

சிரிப்பைப் பற்றி யோசிக்கிறேன்.

நகல் போர்டு உங்கள் கீழ் போர்டில் உட்கார வேண்டும் என்றால், அதிலுள்ள சாக்கெட் எந்த வகை என்று எனக்குத் தெரிய வேண்டும். பின் ஹெடர், அதாவது அதில் சொருகும் பின் வரிசை, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், கடையில் கேட்டால் ஒரு டப்பாவைக் கொட்டிக் காட்டுவார்கள். தவறாக எடுத்தால் முதல் இரண்டு பின் உள்ளே போகும், ஐந்தாவது பின் ஓட்டைக்குப் பக்கத்துச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே கீழ்க்கண்டதைப் பார்த்து எழுதுங்கள். உங்களால் முடியும் என்று நம்புகிறேன்.

முதலில், ஆணா பெண்ணா? பின் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். ஓட்டையாக இருந்தால் பெண். பிறகு எத்தனை வரிசை, ஒரு வரிசைக்கு எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடுவுக்கு எவ்வளவு தூரம். இதைத்தான் பிட்ச் என்பார்கள். பெரும்பாலும் இரண்டரை மில்லிமீட்டரும் கொஞ்சமும் இருக்கும். பழைய கருவிகளிலிருந்து அண்ணன் கழற்றியதென்றால் இரண்டாக இருக்கலாம். இரண்டு ஓட்டைக்கு நடுவே ஸ்கேல் வைத்தால் ஒன்றும் புரியாது. வரிசையின் முதல் ஓட்டையின் நடுவிலிருந்து கடைசி ஓட்டையின் நடுவரை அளந்து, வகுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஓட்டை உருண்டையா சதுரமா என்று பாருங்கள்.

சுற்றிலும் பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு பக்கம் பள்ளமும் இருக்கிற வகை ஒன்று உண்டு. அதில் தலைகீழாகச் சொருகவே முடியாது. அண்ணன் அதை வாங்கமாட்டான். “த-தப்பா சொருகிருவோமோன்னு பயப்படுறவனுக்குத்தான் அது”ம்பான். ஆகவே உங்களிடம் இருப்பது அது இல்லை.

நாத்தனார்


ஜூலை 2

பொடி,

ஆணா பெண்ணா என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மா இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனபிறகு நீ ஆரம்பித்திருக்கிறாய். பெண். ஓட்டைதான்.

இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. பார்லரில் புருவம் திருத்த வைத்திருக்கும் லென்ஸ் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளர் முகத்தில் க்ரீமோடு படுத்திருந்தார். “என்னம்மா, என் மூஞ்சியை விட்டுட்டு அதைப் போய்ப் பாக்குறே?” என்றார். “உங்க மூஞ்சி அவசரமில்லக்கா, எங்கேயும் போயிடாது”ன்னேன். ஓட்டைகள் உருண்டை. உள்ளே தங்க நிறத்தில் மின்னுகிறது. மோதிரம் மாதிரி அழகாக இருக்கிறது.

முதல் ஓட்டையிலிருந்து கடைசி ஓட்டைக்கு எட்டு மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தேன். ஐந்தால் வகுத்தால் ஒன்று புள்ளி ஆறு வருகிறது. நீ சொன்ன இரண்டிலும் சேரவில்லை. இது என்ன ஜாதி?

ஒரு மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கிறது. என் நெயில் பாலிஷ்தான். அவருக்கு எதை எடுத்தாலும் முதல் பின் எது என்று பொட்டு வைக்க வேண்டும், அதற்கு என் பாட்டிலைத்தான் எடுப்பார். மூடியைச் சரியாக மூடமாட்டார். எத்தனை பாட்டில் காய்ந்துபோயிருக்கிறது!

அண்ணி


ஜூலை 8

அண்ணிக்கு,

ஐந்து பேர் வரிசையில் நின்றால் நடுவில் நான்கு இடைவெளிதான் இருக்கும். எட்டை நான்கால் வகுக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர். விரல்களை விரித்து எண்ணிப் பார்த்தால் புரியும், உங்களுக்குத்தான் மற்றவர் விரல்களையே பார்க்கும் தொழில் ஆயிற்றே. அச்சகத்தில் இந்தக் கணக்கை வாசித்துக் காட்டினேன். எல்லோரும் ரசித்தார்கள்.

நகலெடுப்பதற்கு முன்னால் உங்கள் கீழ் போர்டு மின்சாரம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். இத்துடன் ஒரு சிறிய சோதனை போர்டு வைத்திருக்கிறேன். பத்துப் பின், இரண்டு வரிசை, அதே பிட்ச். எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் கெடுதல் இல்லை. சற்று இறுக்கமாக இருக்கும், பயப்படாதீர்கள். மேசைமேல் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள், உட்கார்ந்துவிடும். பெல் அடித்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். சில நாள் அப்படியே இருக்கட்டும், கழற்ற வேண்டாம்.

நாத்தனார்


ஜூலை 15

பொடி,

எரிகிறது.

அழுத்தியதில் கட்டைவிரல் நகம் ஒன்று உடைந்தது. நகம் உடைந்த பார்லர்காரியைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. நீயும் சிரித்துக்கொள். உன் அச்சகத்துக்கும் வாசித்துக் காட்டு.

வாசலுக்குப் போய் நானே பெல் அடித்தேன். பெட்டிக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் வந்து போனது. சத்தம் இல்லை. ஆனாலும் அவர் இரண்டு கையாலும் கட்டியது இன்னும் செத்துப்போகவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் போய்விட்டது. முழுசாகப் போகவில்லை, பேராசைப்படாதே.

சீக்கிரம் நகலை அனுப்பு. வெட்டித்தான் அனுப்புவாய் என்றால்கூட அனுப்பு.

அண்ணி


ஜூலை 23

அண்ணிக்கு,

சந்தோஷம்.

நகலெடுக்க ஒரு சிக்கல் வந்திருக்கிறது, உங்கள் உதவி தேவை. மேல் போர்டுக்கு மின்சாரம் கொடுத்தால்தான் குரல் வெளியே வரும். அதற்காக உங்களிடம் இருப்பதைப் போலவே ஒரு கீழ் போர்டு செய்துவிட்டேன். எந்த ஓட்டையில் எது வரும் என்பதில் சந்தேகம் இல்லை, அண்ணன் வழக்கம் எனக்குத் தெரியும்: பொட்டு வைத்த முதல் பின்னில் மின்சாரம், எதிர் மூலையில் கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. நானும் என் போர்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். சிவப்பு மையில்.

ஆனால் மேல் போர்டில் பொட்டு இல்லை. மழைத்தண்ணீர் படாமலிருக்க அடியில் கறுப்பு ரெசின் ஊற்றி மூடியிருக்கிறான், எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்க்க வழியில்லை. மீட்டர் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காட்டுகிறது. அன்று கழற்றும்போது நான் பார்க்கவில்லை. நீங்கள் உள்ளேயிருந்து வந்துவிடுவீர்களோ என்று வாசற்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்கள் ஐந்தும் ஐந்துமாக இருப்பதால் எப்படித் திருப்பினாலும் உள்ளே போய்விடும். சரியாகப் போனால் பேசும். தலைகீழாகப் போனால் மின்சாரம் கிரவுண்டில் ஏறி, குரலை வைத்திருக்கும் ஐசி கருகிவிடும். ஒரு தடவைதான். அப்புறம் அவன் குரல் எங்கேயும் இல்லை.

மேல் போர்டின் ஒரு மூலையில் திருகாணி ஓட்டை ஒன்று இருக்கிறது. பெட்டியைத் திறந்து பேட்டரி மாற்றியதெல்லாம் நீங்கள்தான், உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஓட்டை சிவப்புப் பொட்டு இருக்கும் பக்கமாக இருந்ததா, எதிர்ப்பக்கமாக இருந்ததா? இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 1

பொடி,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருப்பேன். பெட்டியைத் திறந்து, ஞாபகப்படுத்திப் பார்க்கலாம் என்று உன் சோதனை போர்டைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. இழுத்ததில் சாக்கெட்டே கொஞ்சம் ஆடியது. பயந்துபோய் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரம்மா கழற்றிக் கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“யாரு இதுல இந்தப் பின்னைக் குத்துனது?”

“நான்தான். என் நாத்தனார் அனுப்புனது.”

“இந்த ஓட்டை உருண்டைப் பின்னுக்கும்மா. மெல்லிசா இருக்கும். உங்க நாத்தனார் அனுப்புனது சதுரப் பின்னு. உள்ள இருக்குற பிடியெல்லாம் விரிஞ்சு போச்சு. இனிமே பழைய போர்டு கெடைச்சாலும் இதுல நிக்காது, ஆடிட்டே கெடக்கும்.”

“அவளுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க.”

“பழைய மேல் போர்டு அவங்ககிட்டயா இருக்கு? அதுல பின்னு உருண்டையாத்தானே இருக்கும். கண்ணு இருக்குல்ல?”

நின்றுகொண்டே அத்தனையையும் கேட்டேன். உன் கையிலேயே அந்தப் பின்கள் இருக்கின்றன. பிட்ச் தெரியும், உருண்டை என்று தெரியும். இருந்தும் என்னை லென்ஸ் வைத்து அளக்க விட்டாய். தப்பாக வகுக்க விட்டாய். அச்சகத்தில் வாசித்துக் காட்டினாய். பிறகு என் கட்டைவிரலை வைத்தே என் சாக்கெட்டைக் கெடுத்தாய். நான் போர்டைத் திருப்பிக் கேட்டால், ‘இனி எதில் சொருகுவீர்கள்?’ என்று நீ கேட்கலாம் அல்லவா? நன்றாக யோசித்திருக்கிறாய். இந்த மூளையை அன்று கிளினிக்கில் உபயோகித்திருக்கலாம்.

அதைச் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

நான் பார்லரைப் பூட்டிவிட்டு ஓடி வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள். டாக்டர் அவரைத்தான் கேட்டார், உன்னை இல்லை. “எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, சொல்லுங்க.” அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வந்திருக்கும். நீ சொன்னாய்: “ஒண்ணுமில்ல டாக்டர், வாயுத் தொல்லை. நேரத்துக்குச் சாப்பிடுறதில்ல. அப்பப்போ வரும்.” அவர் உன்னைப் பார்த்தார். தலையாட்டினார். சின்ன வயதிலிருந்து நீ முடித்த எல்லா வாக்கியத்துக்கும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறார். சண்டை போட வார்த்தை வேண்டுமே.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அது மேசைமேல் அப்படியே இருந்தது, அவர் இல்லை.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று தினமும் யோசிக்கிறேன். நீ யோசிப்பாயா என்று தெரியாது. உனக்குத்தான் பதில் தெரியுமே.

நீ கேட்டதற்கு வருகிறேன். திருகாணி ஓட்டை பொட்டுப் பக்கம். சிவப்புப் பொட்டும் அந்த ஓட்டையும் ஒரே மூலையில்தான் இருந்தன.

அண்ணி


ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

கருகிவிட்டது.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. கிளினிக்கைப் பற்றி எழுதியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் நோக்கம் என்னைக் கொல்வது, அது நன்றாகவே நிறைவேறியது. ஆனால் அதற்குப் பிறகு, அதே மையில், அதே கையெழுத்தில் அந்தக் கடைசி வரி இருந்தது. பக்கம் முழுக்க வெறுப்பை எழுதிவிட்டு, கடைசியில் எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் போகிற ஒருவரை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. நான் உங்கள் சாக்கெட்டைக் கெடுத்தேன், உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பொய் எழுதினால் போதும், என்னிடம் இருப்பதும் போய்விடும். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பொய்யைத்தான் எழுதியிருப்பேன். ஆகவே எதிர்ப்பக்கம்தான் சரி என்று முடிவு செய்தேன். ஓட்டையைப் பொட்டுக்கு எதிரே வைத்துச் சொருகினேன்.

பின்கள் அழகாக உள்ளே போயின. பத்தும். அந்த மென்மையே நான் நினைத்தது சரி என்று எனக்குச் சொன்னது. ஸ்விட்சை அழுத்தினேன். ஸ்பீக்கரில் ‘டொக்’. பிறகு ரெசினிலிருந்து ஒரு வாசனை. சால்டர் புகை இல்லை, வேறு, இனிப்பாக. விரலை வைத்தேன், சுட்டது. எடுத்துவிட்டுத் திருப்பிச் சொருகினேன், நீங்கள் சொன்ன பக்கம். ஒன்றுமில்லை. திரும்பவும். ஒன்றுமில்லை. விடியும்வரை அதை மட்டுமே செய்துகொண்டிருந்தேன் என்று எழுதினால் உங்களுக்கு இனிக்குமா?

நீங்கள் அந்த வரியை முதலில் எழுதியிருக்கலாம். கிளினிக்கைப் பற்றி எழுதாமலே இருந்திருக்கலாம். நம்ப முடியாதபடி உண்மையை எழுதுவதும் ஒரு வகையில் பொய்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதற்காவது பதில் எழுதுங்கள். நான் நம்பமாட்டேன் என்று தெரிந்துதான் எழுதினீர்களா?

பொடி


ஆகஸ்ட் 16

பொடி,

இப்போது நீயே அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அவர் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கேட்டதற்குப் பதில். பொய் எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘எதிர்ப்பக்கம்’ என்று எழுதியும்விட்டேன். உனக்குப் பழக்கமான வேலைதானே, அந்தத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன், அடித்திருப்பதைப் படித்துக்கொள். அடித்துவிட்டு உண்மையை எழுதினேன். நீ நல்லவள் என்பதால் இல்லை. பொய் தேவைப்படவில்லை. நான் ஒரு வரியைத் தொடங்கினால் போதும், அதை நீ உன் இஷ்டத்துக்கு முடித்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் உன்னால் முடியாது என்று முதலில் எழுதியிருந்தேன். நான்தான் தப்பு. உன்னால் முடியும்.

எனக்கு வலிக்கவில்லையா என்றால், வலிக்கிறது. சிரிப்பும் சேர்ந்துதானே கருகியது? ஆனால் உன்னிடம் மட்டும் அது இருந்துகொண்டு, நீ உட்கார்ந்து உட்கார்ந்து என்னை அதிலிருந்து வெட்டிக்கொண்டிருப்பதை நினைத்தபோது இதைவிட அதிகமாக வலித்தது. அவ்வளவுதான் கணக்கு. ஐந்தால் வகுத்தேனோ நான்கால் வகுத்தேனோ, நீயே திருத்திக்கொள்.

கருகிய போர்டை அனுப்பாதே. வைத்துக்கொள். அது உன்னுடையது என்று எழுதியிருந்தாய்.

உன் சோதனை போர்டை நான் திருப்பி அனுப்பப் போவதில்லை. கடைக்காரம்மா கழற்றிக் கொடுத்ததைத் திரும்ப அதே ஓட்டைகளில் சொருகிவிட்டேன். இந்தத் தடவை அழுத்தவே தேவையில்லை. விரிந்த இடத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. இன்று காலை கொரியர்காரர் வந்து பெல் அடித்தார். உள்ளே விளக்கு எரிந்தது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். திரும்பவும் அடித்தார், திரும்பவும் எரிந்தது. யாரும் இல்லை என்று நினைத்துப் போய்விட்டார்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணி